சிந்தாமணிக்குத் தோரணம் கட்டிய வீடு

(கும்பகோணத்தில் நண்பர்கள் சிலர் கூட்டிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘சமய நல்லிணக்கம்’ பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். கொஞ்சம் தயங்கினேன். அந்தத் தலைப்பைக் கேட்டதும் எனக்கு ஒரு மேடைதான் கண்ணில் தெரிகிறது. ஒரு சாமியார், ஒரு பாதிரியார், ஒரு இமாம். மூவருக்கும் ஒரே கடையில் வாங்கிய மூன்று சால்வை. குத்துவிளக்கில் ஆளுக்கொரு திரி. எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கின்றன என்று மூவரும் பேசி முடித்ததும் ஒரு புகைப்படம். பிறகு அவரவர் காரில் ஏறி அவரவர் ஊருக்கு. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஊரில் புகைச்சல் இருக்கிற நேரத்தில் அந்தப் புகைப்படத்துக்கும் ஒரு பயன் உண்டு. ஆனால் அந்த மூவரையும் நண்பர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒருவர் வேதத்தில் ஒரு சந்தேகத்தை இன்னொருவர் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு வந்ததில்லை. ஆகவே, நட்பைப் பற்றிப் பேசுகிறேனே என்றேன். சரி என்றார்கள்.

கும்பகோணத்தில் நின்றுகொண்டு இதைப் பேச வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1880 பிப்ரவரியில் இந்த ஊர்க் கல்லூரிக்குத் தமிழாசிரியராக வந்து சேர்ந்தார் உ.வே.சாமிநாதையர். வயது இருபத்தைந்து. அதுவரை அவருக்கு உலகம் என்றால் திருவாவடுதுறை மடம். கல்வி என்றால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட நூல்கள். அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். முதலியார் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த முன்சீப். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று திருப்பிக் கேட்டார். இல்லை. இந்தச் சந்திப்பைப் பலரும் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். நான் இதோடு விடுகிறேன். எனக்கு வேண்டியது அதற்கு அடுத்து நடந்தது.

முதலியார் கொடுத்த கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு இருவரும் சிந்தாமணி படிக்கத் தொடங்கினார்கள். திருத்தக்கதேவர் செய்த நூல். 13 இலம்பகம், 3,145 செய்யுள், நச்சினார்க்கினியர் உரை. உரை இருந்தும் வண்டி நகரவில்லை. உ.வே.சா.வுக்கு இலக்கணம் தெரியும், நிகண்டு தெரியும், யாப்பு தெரியும். அந்தக் கதைக்குள் ஓடுகிற சமயம் தெரியாது. வினை எத்தனை வகை, உயிர் எந்தப் படி ஏறி எங்கே போகிறது, அருகனுக்குச் சொல்லப்படுகிற பெருமைகள் எவை என்று ஒவ்வொரு செய்யுளிலும் ஒரு முள். நச்சினார்க்கினியருக்கு அவை தெரிந்திருந்ததால் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போய்விட்டார். தெரியாதவன் எங்கே போவான்?

சமணர்களிடம் போனார். இந்த ஊரிலேயே சமணர் வீடுகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு நண்பரோடு கிளம்பிப் போனார்.

இதை இப்போது கேட்கும்போது சாதாரணமாகத் தோன்றுகிறது. போனவர் எங்கிருந்து போனார் என்று பாருங்கள். சம்பந்தர் தேவாரத்தில் பதிகத்துக்குப் பதிகம் பத்தாம் பாட்டில் சமணருக்கும் சாக்கியருக்கும் ஒரு கண்டனம் இருக்கும். மதுரையில் சமணரைக் கழுவேற்றிய கதையைப் புராணம் சொல்கிறது. சேக்கிழார் பெரியபுராணம் பாடியதற்கே காரணம் சிந்தாமணிதான் என்று சைவர்கள் ஒரு வரலாறு வைத்திருக்கிறார்கள். சோழ அரசன் சிந்தாமணியில் மூழ்கிக் கிடந்தான், அந்தப் பொய்க்கதையிலிருந்து அவனை மீட்கச் சிவனடியார் கதையை எடுத்துச் சொன்னார் என்பது அது. ஆக, திருவாவடுதுறையில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு அந்த நூலின் பெயரே ஆகாத பெயர். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்த நூலுக்கு உடையவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்கிறார். உள்ளே இருப்பவர்களுக்கும் அதே தேவாரம் தெரியும், அதே கழுமரக் கதை தெரியும். நெற்றி நிறைய நீறோடு ஒருவர் வந்து உங்கள் புத்தகத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், எதற்கு என்றுதானே முதலில் தோன்றும்?

அவர் போன வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. ஏதோ கல்யாணமோ பண்டிகையோ என்று நினைத்து விசாரித்தார். இன்றைக்குச் சிந்தாமணி படித்து முடித்தோம், அதற்காக என்றார்கள். மாதக்கணக்காக வீட்டில் வைத்துப் படித்து, முடிந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். தம் சுயசரிதையான ‘என் சரித்திரத்தில்’ உ.வே.சா. இதை எழுதியிருக்கிற இடத்தைப் படிக்கிற எவருக்கும் ஒரு கணம் மூச்சு நிற்கும். ஊர் மறந்து போன நூல், முழுதாக அச்சேறாத நூல், ஒரு முன்சீபின் கைப்பிரதி வழியாகத்தான் தன்னிடம் வந்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த நூல், அதே ஊரில் ஒரு வீட்டில் ராமாயணம் போலப் பாராயணத்தில் இருக்கிறது. அது தொலையவே இல்லை. இவருடைய கூட்டத்துக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்த வட்டத்தில் சந்திரநாத செட்டியார் என்பவர் கைகொடுத்தார். உ.வே.சா. ஐயங்களைக் குறித்துக்கொண்டு போவார், செட்டியார் விளக்குவார். தெரிந்ததைச் சொன்னதோடு அவர் நிற்கவில்லை; சமண நூல்களையும் எடுத்துக் கொடுத்தார். மணிப்பிரவாள நடையில் உள்ள ஸ்ரீபுராணம் இவருக்குப் பெரிய திறவுகோலாக இருந்தது. போகப் போக, இவர் கேட்கிற கேள்வியின் தரத்திலேயே அந்த வீட்டாருக்கு இவர் யாரென்று தெரிந்துவிட்டது. இவரைப் ‘பவ்ய ஜீவன்’ என்றார்கள். முத்தி அடையப் பக்குவம் உள்ள உயிர் என்று சமணர் சொல்கிற வகை அது. நீறு பூசிய பிராமணருக்குச் சமண வீட்டில் கிடைத்த பட்டம். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்தார். அதற்காக நீற்றை அழிக்கவில்லை, சிவபூசையை விடவில்லை. அவர்களும் அழிக்கச் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்ததே இந்த இடம்தான். இந்த நட்பு மதத்தைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போன நட்பாக இருந்திருந்தால், உ.வே.சா.வுக்கு ஒரு பயனும் கிடைத்திருக்காது. செட்டியார் நல்ல மனிதராக மட்டும் இருந்து என்ன செய்வது? அவர் நல்ல சமணராக இருக்க வேண்டும்; தம் சமயத்தை ஊன்றிப் படித்த சமணராக இருக்க வேண்டும். எல்லா மதமும் ஒன்றே என்று அவர் சொல்லியிருந்தால், சிந்தாமணியில் ஒரு செய்யுளுக்குக்கூடப் பொருள் விளங்கியிருக்காது. அவருக்கும் இவருக்கும் நடுவில் இருந்த வேற்றுமைதான் அவர்களுக்குப் பேச விஷயத்தைக் கொடுத்தது. ஒருவரிடம் இன்னொருவருக்குத் தேவையான ஒன்று இருந்தது. அதைக் கேட்க இவருக்குக் கூச்சமில்லை, கொடுக்க அவருக்குச் சந்தேகமில்லை. 1887இல் சிந்தாமணி முழுவதும் நச்சினார்க்கினியர் உரையோடு அச்சில் வந்தது.

ஒரு சின்ன இடைச்செருகல். அதற்கு முன்பே 1868இல், அந்த நூலின் முதல் பகுதியான நாமகள் இலம்பகத்தை மட்டும் உரையோடு பதிப்பித்தவர் பவர் என்ற கிறிஸ்தவப் பாதிரியார். சமணக் காப்பியத்தின் முதல் பகுதியைக் கிறிஸ்தவரும் முழுமையைச் சைவ மடத்து மாணவரும் அச்சேற்றியிருக்கிறார்கள். இன்னொன்று, திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையிலும் சிந்தாமணி ஏடு இருந்தது. வாய் கண்டித்தாலும் கை ஏட்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. நம் மடங்களைப் பற்றி எந்த முடிவுக்கு வருவதானாலும் இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு வாருங்கள்.

சரி, இருபத்தைந்து வயது இளைஞருக்கு அந்நிய சமயத்தார் வீட்டுக்குள் இப்படிப் போய் உட்காரும் பழக்கம் எங்கே வந்தது? மடத்தில் வந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். அவருடைய ஆசிரியரைச் சுற்றி இருந்தவர்களைப் பாருங்கள், நம்புவீர்கள்.

மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆதீன வித்துவான். அசல் சைவர். தலபுராணம் தலபுராணமாகப் பாடிக் குவித்தவர். அவருக்கு நெருங்கிய நண்பர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கர். 1826இல் குளத்தூரில் பிறந்தவர். சீகாழியிலும் மாயூரத்திலும் முன்சீப் வேலை பார்த்தவர். 1879இல் தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை வெளியிட்டவர். இந்தக் கிறிஸ்தவ முன்சீப் மேல் அந்தச் சைவ வித்துவான் ‘குளத்தூர்க் கோவை’ என்று ஒரு கோவை பாடினார்.

கோவை பாடுவது லேசான காரியமில்லை. அகப்பொருள் துறைகளை வரிசையாகக் கோத்து, கட்டளைக் கலித்துறையில் நானூறு பாட்டு வரை போகும். அதில் பாட்டுடைத் தலைவனாகத் தில்லைக் கூத்தனோ பாண்டியனோ வருவது வழக்கம். அந்த இடத்தில் ஒரு கத்தோலிக்கரைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். மடத்தில் முணுமுணுப்பு எழாமலா இருந்திருக்கும்? எழுந்தாலும் அவருடைய வித்துவத்துக்கு முன்னால் அது எடுபட்டிருக்காது. அந்தப் பக்கத்திலிருந்து வேதநாயகம் பிள்ளை, மடத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் மேல் பாட்டு எழுதினார். கிறிஸ்தவர் சைவ மடாதிபதியைப் பாட, அந்தப் பாட்டுகளைப் பிராமண இளைஞர் மடாதிபதிக்கு முன்னால் படித்துக் காட்ட, சந்நிதானம் ரசித்துக் கேட்டிருக்கிறார். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் நாட்டை அலைக்கழித்தது. மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளை தம் கையிருப்பைக் கரைத்துக் கஞ்சி ஊற்றினார். அந்தப் பஞ்சத்தின் நடுவில், 1878இல், எந்தச் சமயத்தாரும் பாடும்படி ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’யை வெளியிட்டார். கச்சேரிகளில் இன்றும் கேட்கிறோம். அவர் கத்தோலிக்கராகவே வாழ்ந்து 1889இல் கத்தோலிக்கராகவே இறந்தார்.

மகாவித்துவானிடம் படித்தவர்களில் நாகூர் குலாம் காதிறு நாவலரும் ஒருவர். சவராயலு நாயகர் என்ற கிறிஸ்தவரும் உண்டு. இன்னொரு கிறிஸ்தவர் சவேரிநாத பிள்ளை. இவர் ஆசிரியரோடு கூடவே இருந்து எழுதுவது, ஏவல் செய்வது, கவனித்துக்கொள்வது என்று வீட்டுப் பிள்ளை போல இருந்தவர்.

1876 பிப்ரவரி முதல் தேதி, திருவாவடுதுறை. ஆசிரியருக்கு முடியவில்லை. சவேரிநாத பிள்ளை பின்னால் உட்கார்ந்து அவரைத் தம்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். திருவாசகத்தை எடு, அடைக்கலப்பத்தைப் படி என்கிறார் ஆசிரியர். உ.வே.சா. படிக்கிறார். கேட்டுக்கொண்டே உயிர் போகிறது. தாங்கிப் பிடித்த மார்பு கிறிஸ்தவருடையது. வாசித்த குரல் ஸ்மார்த்தப் பிராமணருடையது. கேட்ட காது வேளாளச் சைவருடையது. திருவாசகம் வேண்டாம், எல்லாருக்கும் பொதுவாக ஏதாவது படிக்கலாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. சாகிறவர் சைவர், அவருக்கு வேண்டியது திருவாசகம். பிடித்துக்கொண்டிருந்தவருக்கு அது நன்றாகத் தெரியும்; அவர் பிடியைத் தளர்த்தவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இதெல்லாம் பொற்காலம் என்று முடித்தால் நீங்கள் கைதட்டலாம். நான் நேர்மையாகப் பேசியதாக ஆகாது.

இந்த நண்பர்கள் ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஆசிரியரிடம் அத்தனை வருஷம் இருந்த உ.வே.சா.வுக்குச் சாப்பாடு எப்போதும் வேறு இடத்தில்தான். ஊருக்கு ஊர், எந்த அந்தணர் வீட்டில் எந்தச் சத்திரத்தில் இவருக்கு இலை போடுவது என்று ஆசிரியரே முதலில் ஏற்பாடு செய்வார். மாணவன் பசித்திருக்கக் கூடாது என்பதில் அவருக்கு அத்தனை அக்கறை. தம்மோடு உட்கார்ந்து சாப்பிடலாமே என்ற எண்ணம் இருவருக்கும் எழுந்ததில்லை. இன்றைக்கு நம் நிலைமை தலைகீழ். ரம்ஜானுக்குப் பிரியாணி வருகிறது, கிறிஸ்துமஸுக்குக் கேக் வருகிறது, பொங்கலுக்கு நாம் அனுப்புகிறோம். வயிறு கலந்துவிட்டது, நல்லது, அது சின்ன சாதனையில்லை. ஆனால் அந்தப் பிரியாணி வருகிற வீட்டில் தராவீஹ் தொழுகையில் என்ன ஓதுகிறார்கள், சிலுவைப்பாதையில் எத்தனை நிலை, ஏன் அத்தனை என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று ஒரு பயம். அவர்கள் கூடச் சாப்பிடாமல் எல்லாவற்றையும் கேட்டார்கள். நாம் எல்லாவற்றையும் கூடச் சாப்பிட்டுவிட்டு ஒன்றும் கேட்பதில்லை. இரண்டில் எது மேல் என்று என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்லாதீர்கள்.

பந்தியைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இந்த வட்டத்தில் பிராமணர் உண்டு, வேளாளர் உண்டு, செட்டியார் உண்டு, கிறிஸ்தவர், முஸ்லிம், சமணர் எல்லாரும் உண்டு. எல்லாரும் ஏடு வைத்திருந்த வீட்டார். மாயூரத்தில் வேதநாயகம் பிள்ளைக்கு வேண்டியவரான கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் கதையைக் கீர்த்தனையாகப் பாடி ஊரையே உருக வைத்தார். நந்தனார் தெருவிலிருந்து ஒருவர் இந்த வட்டத்துக்குள் வந்து ஏட்டைப் பிரித்து உட்கார்ந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

இது வெறும் குறை கூறல் இல்லை, உ.வே.சா.வின் வேலைக்கே இது ஒரு நஷ்டம். எப்படி என்று சொல்லி முடித்துவிடுகிறேன்.

சிந்தாமணிக்குப் பிறகு அவர் மணிமேகலையை எடுத்தார். அது பௌத்த நூல். சிந்தாமணிக்குக் கேட்கச் செட்டியார் இருந்தார். மணிமேகலைக்கு யாரைக் கேட்பது? காவிரிக் கரையில் பௌத்தக் குடும்பம் என்று தேடிப் போக ஒரு வாசல் இல்லை. நாகப்பட்டினத்து விகாரமும் அதற்குள் மண்ணோடு போயிருந்தது. தோரணம் கட்டிய வீடு கிடையாது, பாராயணம் கிடையாது, நம் வீட்டில் இதற்கு இப்படித்தான் பொருள் சொல்வார்கள் என்று சொல்ல ஒரு கிழவி கிடையாது. கடைசியில் கல்லூரியில் உடனிருந்த மளூர் ரங்காசாரியார் ஆங்கிலத்தில் வந்திருந்த பௌத்த நூல்களைப் படித்து இவருக்கு எடுத்துச் சொன்னார். ஒரு வைணவர், ஐரோப்பியர் எழுதிய புத்தகத்தைப் படித்து, பௌத்தத்தை ஒரு சைவருக்கு விளக்குகிறார். அதுவும் நட்புதான், அழகான நட்பு. அந்த உதவியோடுதான் 1898இல் மணிமேகலை வெளிவந்தது. ஆனாலும் புத்தகத்திடம் கேட்பதும் மனிதரிடம் கேட்பதும் ஒன்றாகாது. புத்தகம் நம்மைத் திருப்பிக் கேட்காது. பவ்ய ஜீவன் என்று பட்டம் கொடுக்காது.

அதே 1898இல் சென்னை ராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். கர்னல் ஆல்காட்டோடு கொழும்புக்குப் போய்ப் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பியவர். தமிழ் ஏடு படித்த பண்டிதர், சித்த வைத்தியர். 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழில் மணிமேகலையும் சிந்தாமணியும் பக்கத்துக்குப் பக்கம் மேற்கோளாக வரும். பறையர் என்று ஊர் ஒதுக்கியவர்கள் பூர்வ பௌத்தர்கள் என்பது அவருடைய கட்சி. அதை ஏற்பவர் உண்டு, மறுப்பவர் உண்டு. அது கிடக்கட்டும். மணிமேகலையைத் தன் சொந்த வீட்டுப் புத்தகமாகப் பிடித்துக்கொண்ட ஒரு தமிழ்ப் பௌத்தர், அந்தப் புத்தகம் அச்சேறிய அதே ஆண்டில், ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருந்தார்.

உ.வே.சா. 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்து திருவல்லிக்கேணியில் குடியேறினார். அயோத்திதாசர் 1914 வரை வாழ்ந்தார். திருவல்லிக்கேணிக்கும் ராயப்பேட்டைக்கும் எவ்வளவு தூரம் என்று சென்னை தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பொடிநடையாகப் போய்விடலாம். கும்பகோணத்தில் சமணர் வாசலுக்கு நடந்தவருக்கு இந்த நடை ஒரு பொருட்டில்லை. என்ன பேசியிருப்பார்கள் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. பாதி நேரம் சண்டைதான் நடந்திருக்கும். புத்த பீடிகை வருகிற இடத்துக்கும், கோமுகியிலிருந்து அமுதசுரபி எழுகிற இடத்துக்கும் அயோத்திதாசர் சொல்கிற பொருளை உ.வே.சா. அப்படியே ஏற்றிருக்க மாட்டார். பாடபேதத்தைக் காட்டி மறுத்திருப்பார். அயோத்திதாசர் விட்டிருப்பாரா? அடிக்குறிப்பில் ஒரு வரியாவது போடாமல் எழுந்திருக்க விட்டிருக்க மாட்டார். மணிமேகலையின் அடுத்த பதிப்பில் அந்த வரி எப்படி இருந்திருக்கும் என்பதுதான் என் ஆசை.